சின்னவன் பல்லில் இருக்கும் கறுப்பு

என் சின்ன மகன் வாய்விட்டுச் சிரித்தால் மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் கறுப்பு தெரியும். கல்யாணப் பந்தியில், டவுன் பஸ்ஸில், பால்வாடி வாசலில், எங்கே போனாலும் யாராவது ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, பிள்ளைக்குப் பல்லு பூரா பூச்சி அரிச்சிருக்கே, டாக்டர்கிட்ட காட்டலையா?" என்று கேட்பார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள். காட்டியாகிவிட்டது, அந்தக் கறுப்பே மருந்து தடவியதால் வந்ததுதான் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு அரைகுறையாகச் சொல்வதை இங்கே நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். பால்பல் சொத்தையோடு பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற யாருக்காவது உதவும்.

அவனுக்கு இரண்டரை வயதிருக்கும்போது ஒருநாள் காலையில் ஜன்னலோரம் உட்காரவைத்துப் பல் தேய்த்துவிட்டேன். மேலுதட்டைத் தூக்கியபோது ஈறை ஒட்டி, சுண்ணாம்பில் கோடு இழுத்தமாதிரி ஒரு வெள்ளை வரி. பால் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. வலி இல்லை, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று, நான்கு மாதத்தில் வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, தொட்டால் ஊறிப்போன சாக்பீஸ் மாதிரி மெத்தென்று இருந்தது. முன்பல் நான்கு, கீழே கடைவாய்ப்பல் இரண்டு.

அந்த வெள்ளைக் கோடுதான் சொத்தையின் முதல் படி என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. பல்லின் மேலோட்டிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரைந்து வெளியேறியிருக்கிறது, ஆனால் இன்னும் குழி விழவில்லை என்பதற்கான அடையாளம் அது. அந்தக் கட்டத்தில் பிடித்திருந்தால் துளைக்காமல், அடைக்காமல், மேல்பூச்சு மருந்தாலேயே திரும்பக் கெட்டிப்படுத்தியிருக்கலாம். அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

காரணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ராத்திரி சீனி போட்ட பால்புட்டியை வாயில் வைத்துக்கொண்டேதான் தூங்குவான்.

அத்தை, அதாவது என் மாமியார், முதலில் அலட்டிக்கொள்ளவில்லை. "பால்பல்லுதானே, விழுந்து முளைக்கப் போவுது, இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்றார். முன்பற்களுக்கு அது ஓரளவு சரி, ஆறேழு வயதில் விழுந்துவிடும். கடைவாய்ப் பால்பல் அப்படியில்லை. அது விழ ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதாகும். மூன்று வயதில் சொத்தையான கடைவாய்ப்பல்லை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை இன்னும் ஆறிலிருந்து ஒன்பது வருஷம் மென்று தின்ன வேண்டும். நடுவில் சீழ் வைத்துப் பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும், அப்புறம் வருகிற நிரந்தரப் பல்லுக்கு வழியிருக்காது.

பிறகு அத்தை தன் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொன்னார். அவருக்குப் பல்வலி வந்தபோது கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையை வாயில் பிடிக்கச் சொன்னார்களாம். கீழே வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் வெள்ளையாகச் சின்னச் சின்னப் புழு விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். நான் அதை மறுத்துப் பேசவில்லை. நம் ஊரில் மட்டுமில்லை, ஐரோப்பாவிலும் கத்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் விதையை இப்படியே புகைத்திருக்கிறார்கள், அங்கேயும் புழு விழுந்திருக்கிறது. சூட்டில் வெடித்த விதையிலிருந்து தெறித்து விழுந்த முளைக்குருத்து அது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். 1728-இல் பிரான்ஸைச் சேர்ந்த பியர் ஃபோஷார் என்ற பல் மருத்துவர், பல்லைச் சொத்தையாக்குவது புழு இல்லை என்று எழுதிவைத்தார். ஆனாலும் "பூச்சிப் பல்" என்கிற வார்த்தை நம் வாயைவிட்டுப் போகவில்லை. ஒருவிதத்தில் போகவும் வேண்டாம். உயிருள்ள ஏதோ ஒன்றுதான் பல்லைத் தின்கிறது என்ற அந்தக்கால ஊகம் முழுப் பிசகு இல்லை. அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது, அவ்வளவுதான்.

1924-இல் லண்டனில் கிளார்க் என்ற மருத்துவர் சொத்தைப் பற்களிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயர் வைத்தார். இதன் வேலை எளிமையானது. நாம் சாப்பிடும் சர்க்கரையை அதுவும் சாப்பிடும். அதில் கொஞ்சத்தைப் பசையாக மாற்றிப் பல்லில் ஒட்டிக்கொள்ளும், மீதியைச் செரித்து அமிலமாக வெளியே விடும். வாயின் அமிலநிலை பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலோடு கரையத் தொடங்கும். சர்க்கரை வாயில் பட்ட சில நிமிடங்களில் அந்த இறக்கம் நடந்துவிடும், எச்சில் ஊறி அதைச் சரிசெய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். பால்புட்டியோடு தூங்கிய என் பிள்ளையின் முன்பற்கள் ராத்திரி முழுக்க அமிலத்தில் ஊறியிருக்கின்றன. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றியிருக்கிறது. அதனால்தான் புட்டிப்பால் சொத்தை மேல்வரிசையில் தொடங்குகிறது.

முதலில் போன பல் ஆஸ்பத்திரியில் ஆறு பல்லுக்கும் சேர்த்து, முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் செய்துவிடலாம் என்றார்கள். அது தப்பான வைத்தியம் இல்லை, சில பிள்ளைகளுக்கு அதுதான் வழி. ஆனால் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. இருந்தது. இரண்டாவதாகப் பார்த்த குழந்தைகள் பல் மருத்துவர், ஊசியும் இல்லாமல் துளைக்கும் மிஷினும் இல்லாமல் அதை எங்களுக்குக் காட்டினார்.

பெயர் சில்வர் டையமின் ஃபுளூரைடு. மருத்துவர்கள் சுருக்கி எஸ்.டி.எஃப். என்கிறார்கள். வெள்ளியையும் ஃபுளூரைடையும் அமோனியா கலந்த கரைசலில் சேர்த்துவைத்த மருந்து. வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளூரைடு பல்லைக் கெட்டிப்படுத்தும், அமோனியா இரண்டையும் கரைசலாகவே பிடித்துவைக்கும்.

தடவுவதற்கு முன் அந்த டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து முதலில் சொன்னது இதுதான்: "சொத்தை இருக்கிற இடம் கறுத்துப்போகும். திரும்ப வெள்ளையாகாது. இதுக்குச் சம்மதம்னா மட்டும் செய்வோம்." வேறொரு பிள்ளையின் பல் போட்டோவையும் காட்டினார். என் கணவர் முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்து, "நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார். நான் சொன்னேன், இப்பவும் பழுப்பாத்தான் இருக்கு, வெள்ளையாவா இருக்கு? பழுப்பாக இருந்து அழுகுவதற்கு, கறுப்பாக இருந்து நிற்கட்டும்.

தடவிய விதத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளையை அந்தப் பெரிய நாற்காலியில் ஏற்றவே இல்லை. நானும் டாக்டரும் முட்டிக்கு முட்டி இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தோம். பிள்ளை என் மடியில், தலை மட்டும் அவர் மடியில். கைக்குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற மாதிரிதான். உதட்டில் வாசலின் தடவினார். பஞ்சுருளை வைத்துப் பல்லைக் காயவைத்தார். வெளிச்சம் பட்டால் மருந்து கெட்டுவிடும் என்பதால் இருட்டு நிறச் சீசா. அதிலிருந்து ஒரே ஒரு சொட்டு, கடுகளவு நுனியுள்ள சின்ன பிரஷ்ஷில் தொட்டு, ஒவ்வொரு சொத்தையிலும் ஒரு நிமிடம் வைத்துத் தேய்த்தார். லேசாக அமோனியா நெடி வந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்தான், இரும்பை நக்கியமாதிரி ருசியாம். கொஞ்சம் அழுதான். பத்து நிமிடத்தில் வெளியே வந்து பலூன் கேட்டான்.

மறுநாள் காலையில் பல் கறுத்திருந்தது. உதட்டோரத்திலும் மருந்து பட்ட ஒரு புள்ளி கரும்பழுப்பாக இருந்தது. பார்த்ததும் எனக்குத் தேர்தல் ஞாபகம் வந்துவிட்டது. ஓட்டுப் போட்டால் விரலில் வைக்கும் மை இருக்கிறதே, அதிலும் இருப்பது வெள்ளிதான், சில்வர் நைட்ரேட். கரைசலில் இருக்கும்போது நிறமில்லாத வெள்ளி, தோலில் பட்டு வெளிச்சமும் காற்றும் படும்போது கறுக்கிறது. பீரோவுக்குள் வைத்த கொலுசு கறுப்பதும் அதே உலோகத்தின் குணம்தான். உதட்டில் இருந்த கறை இரண்டு வாரத்தில் தோலோடு உரிந்து போய்விட்டது. பல் தோல் மாதிரி உரியாது, அதனால் அங்கே நிலைத்துவிட்டது. கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: அதே பல்லில் சொத்தை இல்லாத பகுதி கறுக்கவில்லை. அழுகிய இடத்தில்தான் வெள்ளி போய்த் தங்குகிறது.

உள்ளே நடப்பது இன்னும் அழகு. வெள்ளி அயனிகள் கிருமியின் சுவரைப் பிளந்து உள்ளே போய் அதன் நொதிகளை முடக்குகின்றன. அப்படிச் செத்த கிருமியின் உடலில் தங்கிய வெள்ளி, பக்கத்தில் வரும் உயிருள்ள கிருமியையும் கொல்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். மறுபக்கம் ஃபுளூரைடு, கரைந்துபோன இடத்தில் சுண்ணாம்புச்சத்தோடு சேர்ந்து, பழைய பல்லைவிட அமிலத்துக்கு அசையாத ஒரு கெட்டியான பொருளாகப் படிகிறது. கிருமி சர்க்கரையைச் செரிக்கும் வேலையையும் அது தடுக்கிறது.

மூன்று வாரம் கழித்துப் போனோம். டாக்டர் கூர்முனைக் கருவியால் பல்லை மெல்லச் சுரண்டினார். முன்பு பிசுபிசுவென்று உள்ளே இறங்கிய அதே இடத்தில் இப்போது "டிக் டிக்" என்று கண்ணாடியைத் தட்டிய சத்தம். "நின்னுடுச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மூன்று வாரமும் நான் தூங்கவில்லை.

இது புதிதாக முளைத்த மருந்து இல்லை. ஒசாகா பல்கலைக்கழகத்தில் 1960-களில் மிசுஹோ நிஷினோ என்ற பெண் ஆராய்ச்சியாளர் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்த வேலை. 1970-இல் ஜப்பான் அரசு அனுமதித்தது. ஜப்பானைத் தாண்டி மற்ற நாடுகள் கவனிக்கப் பல வருஷம் ஆனது. அமெரிக்காவில் 2014-இல்தான், அதுவும் பல்கூச்சத்துக்கானது என்ற பெயரில், அனுமதி கிடைத்தது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 38 சதவீதக் கரைசலை வைத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பால்பல் சொத்தை 100-இல் ஏறக்குறைய 80 நின்றுபோகிறது. மின்சாரம் வேண்டாம், மிஷின் வேண்டாம். பல் டாக்டர் நாற்காலியே இல்லாத கிராமத்துப் பள்ளிக்கூடத்தில்கூடச் செய்யலாம். இப்படி ஒரு மருந்து, கறுக்கும் என்ற ஒரே காரணத்தால் பெற்றவர்களின் காதுக்கே வராமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி அத்தையின் இரண்டாவது ஆட்சேபம். அது முதலாவதைவிடக் கனமானது. அவர் பிறந்தது தருமபுரிப் பக்கம் ஒரு கிராமம். ஃபுளூரைடு என்ற வார்த்தையைக் கேட்டதும், "அந்த எழவாலதானே எங்க ஊருல அத்தனை பேரு பல்லும் காவி படிஞ்சு கெடக்கு. அதையா பிள்ளை வாயில வெச்சாங்க?" என்று பதறிவிட்டார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள், வேறு வழியில்லையென்றால் 1.5 வரை இருக்கலாம் என்பது நம் நாட்டு அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் வருஷக்கணக்காகக் குடித்தால் பல்லில் கறை வரும், இன்னும் அதிகமானால் எலும்பே வளைந்துபோகும். அத்தையின் அண்ணன் முதுகு நிமிர்த்தி நடந்து நான் பார்த்ததில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான்.

அத்தையிடம் நான் சொன்ன பதில் இது. உள்ளே விழுங்கி ரத்தத்தில் கலந்து வேலை செய்யும் ஃபுளூரைடு வேறு, முளைத்த பல்லின் மேல் தடவும் ஃபுளூரைடு வேறு. தினம் தினம் குடம் குடமாகக் குடித்தது உங்கள் ஊர். இவனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு, அதில் இருப்பது சுமார் இரண்டு மில்லிகிராம்தான். உங்கள் ஊருக்கு ஒகேனக்கல் தண்ணீர் வரக் கடன் கொடுத்தது ஜப்பான், இந்த மருந்தைக் கண்டுபிடித்ததும் ஜப்பான்தான். கடைசி வரியைக் கேட்டு அத்தை சிரித்துவிட்டார். அதன் பிறகு பல் தேய்த்துவிடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ஆனாலும் ஃபுளூரைடு அதிகமுள்ள தண்ணீர் குடிக்கும் ஊர்க்காரர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு எந்தப் பேஸ்ட், எவ்வளவு என்பது அதைப் பொறுத்து மாறலாம்.

பேஸ்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணியளவு. விளம்பரத்தில் காட்டுகிறமாதிரி பிரஷ் முழுக்கப் பிதுக்கக் கூடாது. தேய்த்தபின் துப்ப வைத்தால் போதும், தண்ணீரால் நாலு தரம் கொப்பளித்தால் மருந்தையும் சேர்த்துக் கழுவிவிடுகிறோம்.

மேல்பூச்சில் வேறு வகைகளும் உண்டு. வெள்ளைக் கோடு மட்டும் இருக்கும் கட்டத்துக்கு ஃபுளூரைடு வார்னிஷ் போதும். பைன் மரப் பிசினில் கலந்த 5 சதவீத சோடியம் ஃபுளூரைடு, எச்சில் பட்டதும் பல்லில் இறுகிப் பிடித்துக்கொள்ளும், நிறம் கறுக்காது. என் பெரிய பெண்ணுக்கு இப்போது அதைத்தான் போடுகிறோம். கடையில் கேட்டதும் கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை ஈறு வீக்கத்துக்குக் கொஞ்சநாள் பயன்படுத்தலாம். பிள்ளைகளின் சொத்தையைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை, நாள்பட்டால் பல்லில் பழுப்புக் கறையும் படியும். டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள்.

சைலிட்டால் கதை வேறு. அது பிர்ச் மரத்திலிருந்து எடுத்துப் பழகிய இனிப்பு, கிருமியால் செரிக்க முடியாது. பின்லாந்தில் இதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தாய் சைலிட்டால் சூயிங்கம் மென்ற வீடுகளில் இரண்டு வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்குத்தான் இந்தக் கிருமி ஒட்டியிருந்தது. தாய்க்கு ஃபுளூரைடு வார்னிஷ் மட்டும் போட்ட வீடுகளில் கிட்டத்தட்டப் பாதிப் பிள்ளைகளுக்கு இருந்தது. நம் எச்சில் பட்ட ஸ்பூன் வழியாகத்தான் பெரும்பாலும் இது பிள்ளைக்குப் போகிறது. கர்ப்பமாக இருப்பவர்கள் தங்கள் சொத்தைப் பல்லை முதலில் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். நான் அதைச் செய்யவில்லை.

எஸ்.டி.எஃப். எல்லாப் பல்லையும் காப்பாற்றாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சின்னவனின் கடைவாய்ப்பல் ஒன்று ஐந்தாவது மாதம் நடுராத்திரியில் வலித்து, ஈறு வீங்கிவிட்டது. சொத்தை ஏற்கெனவே நரம்பு வரைக்கும் போயிருந்திருக்கிறது. அதற்கு வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டியதாயிற்று. தானாக ராத்திரியில் வலி எடுக்கும் பல், வீங்கிய ஈறு, சீழ்க்கொப்புளம் இருந்தால் இந்த மருந்து பொருந்தாது. வெள்ளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். மிக முக்கியமாக, பழைய பழக்கம் தொடர்ந்தால் நின்ற சொத்தை திரும்பக் கிளம்பும். பால்புட்டியை நிறுத்த எங்களுக்குப் பதினொரு ராத்திரி ஆனது. முதல் மூன்று ராத்திரி தெருவே எழுந்துகொள்ளும்படி அழுதான். இப்போது பால் குடித்துவிட்டுப் பல் தேய்த்துத்தான் படுக்கை, நடுவில் தாகம் என்றால் வெறும் தண்ணீர்.

கறுப்பு பிடிக்கவில்லையென்றால் மேலே பல் நிறச் சிமெண்ட் பூசிக்கொள்ளலாம். டாக்டர் கேட்டார். இந்த முறை வேண்டாம் என்று சொன்னது என் கணவர்தான்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் நாளைக் காலையில் ஜன்னல் பக்கம் கூட்டிப்போய் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி வெள்ளையாகக் கோடு இருந்தால் துணியால் துடைத்துப் பாருங்கள். போகவில்லையென்றால் அந்த வாரமே பல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். எஸ்.டி.எஃப்., ஃபுளூரைடு வார்னிஷ் என்ற இரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், எங்கள் பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்று நீங்களே கேளுங்கள்.